மறுபடி ஊறின பால்

போன ஆகஸ்டில் ஷாலினி போன் பண்ணினாள். நான் ரிட்டையர் ஆவதற்கு முன்னால் எங்கள் பிரசவ வார்டில் கடைசியாக வந்து சேர்ந்த நர்ஸ் அவள். "எஸ்தர் மேடம், வார்டுல ஒரு கேக் வெட்டறோம், நீங்க வரணும்" என்றாள். யாருக்குப் பிறந்த நாள் என்று கேட்டேன். பிறந்த நாள் இல்லையாம். ஒரு அம்மா குழந்தைக்கு ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து முடித்திருக்கிறாள், அதற்காகவாம்.

போனேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அட்டை எழுதி, குழந்தை பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்திருந்தாள். முதல் தடவை வாய் வைத்த நாள், முதல் வாரம், முதல் மாதம், வேலைக்குத் திரும்பிப் போய் மிஷினில் பால் எடுத்த முதல் நாள். எனக்கு எல்லாப் போட்டோவையும் காட்டினாள். ஒன்றைக்கூட விடாமல் பார்த்தேன். மூன்றாம் வார அட்டையில் 'இன்று நான் அழவில்லை' என்று எழுதியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது வாசல்வரை ஷாலினி கூட வந்தாள். "உங்க காலத்துல இந்த மாதிரி உண்டா மேடம்?" என்றாள். உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

நான் நர்சிங் படித்தது கோலாரில். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கஞ்சி போட்டு விறைத்த தொப்பி, ஹாஸ்டல் சாம்பார், கன்னடத்தில் பரீட்சை. எங்கள் நைனா ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸில், ஷிப்ட் வேலை பார்த்தவர். மகள் நர்ஸ் ஆனதில் அவருக்குப் பெருமை, ஆனால் பிரசவ வார்டு என்றதும் பேச்சை மாற்றிவிடுவார். படிப்பில் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை வார்டில் ராஜம்மா சிஸ்டரிடம்தான் பார்த்தேன். படித்து முடித்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அவர்தான் வார்டு இன்சார்ஜ்.

ராஜம்மா சிஸ்டர் உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. பால் வரவில்லை என்று எந்தத் தாய் சொன்னாலும் அவர் செய்வது ஒரே காரியம். கையைக் கழுவுவார். கட்டில் பக்கத்தில் இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "கொடும்மா, நான் சும்மா பாத்துகினு இருக்கேன்" என்பார். குழந்தை வாய் வைத்ததிலிருந்து தானாக வாயை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். மார்பைத் தொட மாட்டார், குழந்தையின் தலையை அழுத்த மாட்டார். வார்டில் ஆயிரம் வேலை காத்திருக்கும். எங்களுக்குக் கால் பரபரக்கும். அவர் மட்டும் சினிமா பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

பிறகு என்னைப் பார்த்து, "இன்னா பாத்த?" என்பார்.

முதல் தடவை நான், "பால் பத்தல சிஸ்டர்" என்றேன்.

"அது நீ நெனச்சது. பாத்தது இன்னா?"

நான் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன். குழந்தையின் கீழ் உதடு வெளியே மடங்கியிருக்கிறதா, மோவாய் மார்பில் பட்டிருக்கிறதா, காதுக்கு முன்னால் தாடை எலும்பு அசைகிறதா. ஆரம்பத்தில் வேகவேகமாக உறிஞ்சும். பிறகு நிதானமாகும். அந்த நிதானத்தில் ஒரு சின்னச் சத்தம் வரும், மூச்சு விடுவதுபோல. அதுதான் விழுங்கும் சத்தம். அது கேட்டால் பால் இருக்கிறது. கேட்காவிட்டால் குழந்தையைப் பிடித்திருக்கும் விதத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அதற்குப் பொறுமையாக உட்கார வேண்டும்.

ஒருமுறை ஒரு மாமியார், சங்கில் சர்க்கரைத் தண்ணீரோடு தயாராக நின்றார். மருமகளுக்குப் பால் இல்லை, குழந்தை பட்டினி கிடக்கிறது என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் சங்கைப் பிடுங்கியிருப்பேன். ராஜம்மா சிஸ்டர், "வாங்கம்மா, நீங்க குந்துங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எதனா சத்தம் கேக்குதா, நீங்க சொல்லுங்க" என்று ஸ்டூலை அவருக்கே கொடுத்துவிட்டார். அந்த அம்மா குனிந்து கேட்டார். நேரம் போனது. "பூனை பால் குடிக்கிற மாதிரி கீதுமா" என்றார். அதற்குப் பிறகு அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் அவர்தான் காது வைத்துக் கேட்டுச் சொன்னார். சங்கு எங்கே போனதோ தெரியாது.

எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தடுப்பூசி நாளில் தாய்மார்கள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருத்தியிடமும், "இனிமே பயம் இல்லன்னு உனக்கு எப்போ தோணுச்சு?" என்று கேட்பேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில்கள் வரும். கார்மென்ட்ஸ் வேலைக்கு ரயிலில் போகிற ஒருத்தி, பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் யாரோ ஒரு குழந்தை அழுததும் தன் ஜாக்கெட் நனைந்துவிட்டது, அந்த நிமிஷம்தான் என்றாள். படுத்துக்கொண்டே கொடுக்கப் பழகிய நாள் என்றாள் ஒருத்தி. குழந்தையின் மணிக்கட்டில் சதை மடிப்பு விழுந்ததைப் புருஷன் முதலில் கவனித்த நாள் என்றாள் இன்னொருத்தி. யாரும் எதையும் கொண்டாடவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு நாள் இருந்தது. கேட்டவுடன் முகம் மாறும்.

இனி வசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தை மூடி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கவிதா என்று ஒரு பெண்ணுக்கு எங்கள் வார்டில் முதல் பிரசவம். சுகப் பிரசவம், பெண் குழந்தை. குழந்தையைத் துடைத்து அவள் மார்பில் போட்டோம். தேடிப் பிடித்துக் குடித்தது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம், ஆம்புலன்சில் கோலாருக்கு அனுப்பினோம். அங்கேயும் பாடுபட்டார்கள். அவள் பிழைக்கவில்லை.

குழந்தையைக் கவிதாவின் அக்கா வசந்தி எடுத்துக்கொண்டாள். கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. புருஷன் பாபு, பெங்களூரில் எலக்ட்ரீசியன் வேலை, விடிகாலை ரயிலுக்குப் போய் இருட்டித் திரும்புகிறவன். தீபா என்று நாலு வயது மகள். பால் குடியை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன மகள். தங்கையின் குழந்தைக்குப் பாட்டிலில் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தாள். எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். டிரம்மில் பிடித்து வைத்து நாள் கணக்கில் புழங்குவது. என்னதான் கொதிக்க வைத்தாலும் எங்கேயோ ஒரு கை தவறும். குழந்தைக்குப் பேதி கண்டது. வற்றிப்போன உடம்போடு எங்கள் வார்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

குளுகோஸ் ஏற்றி, பேதி நின்ற பிறகு ஒரு காலை, வசந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிஸ்டர், தப்பா நெனக்காதீங்க. நேத்து புள்ள அழுதுகினே இருந்துச்சு. சும்மா எம்மேல வெச்சிகினேன். இழுக்குது சிஸ்டர். நல்லா இழுக்குது. எனக்கு உள்ள இன்னாவோ பண்ணுது."

"பால் எதுனா வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. ஆனா... வருமா சிஸ்டர்?"

எனக்குத் தெரியவில்லை. ராஜம்மா சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் டாக்டர் மேடத்திடம் போனார். டாக்டர் மேடம் தார்வாட் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஸ்டெதஸ்கோப்பை மேஜையில் வைத்துவிட்டு, "புக்ல படிச்சிருக்கேன் ராஜம்மா. வரும்னுதான் எழுதியிருக்காங்க. ஆனா கண்ணால நோடில்ல. நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார். சிஸ்டரும் பார்த்ததில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மூவருக்கும் அந்த நிமிஷம் இருந்தது ஆசைதான், தைரியம் இல்லை. "நோடோணா" என்றார் மேடம். பார்த்துவிடலாம் என்று அர்த்தம்.

முதலில் வசந்திக்கு ரத்தப் பரிசோதனை. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வேலை தொடங்கியது. மூக்கு வழியாகப் பால் கொடுக்க வைத்திருக்கும் மெல்லிய டியூப் ஒன்றை எடுத்தோம். ஒரு முனை, கரைத்த பவுடர் பால் கிண்ணத்தில். இன்னொரு முனையை வசந்தியின் மார்பில் ஒட்டு பிளாஸ்டரால் ஒட்டி, காம்பின் நுனிக்குச் சரியாக நிறுத்தினோம். குழந்தை காம்பையும் டியூபையும் சேர்த்து வாயில் பிடிக்க வேண்டும். அது உறிஞ்சும்போது கிண்ணத்துப் பால் வரும். குழந்தைக்கு வயிறு நிறையும், மார்புக்கு வேலை நடக்கும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வரும், குழந்தை சோம்பேறி ஆகிவிடும். தாழ்த்தினால் உழைத்து உறிஞ்ச வேண்டும், அதிகம் தாழ்த்தினால் கோபித்துக்கொண்டு வாயை எடுத்துவிடும். எந்த உயரம் என்று யாருக்கும் தெரியாது. குழந்தையின் தாடையைப் பார்த்துப் பார்த்து ராஜம்மா சிஸ்டர் கிண்ணத்தை ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு முறையும் டியூபைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டு பக்கமும். மேடம் பால் ஊற ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

கவிதாவின் புருஷன் சேகர் தினம் சாயங்காலம் வருவான். வாசலோடு நின்றுவிடுவான். உள்ளே வந்து குழந்தையைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவனுடைய அக்கா மகேஸ்வரி குடியாத்தத்திலிருந்து வந்தாள். குழந்தையைத் தான் எடுத்துப்போவதாகச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் வீட்டில் கிணறு உண்டு, இடம் உண்டு, பவுடர் பாலிலேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்.

டியூபைப் பார்த்ததும் அவளுக்கு ஆகவில்லை. "பெத்தவங்களுக்கே செல பேருக்குப் பால் வர்றதில்ல. இவங்க பெத்து நாலு வருஷம் ஆவுது. எங்கேர்ந்து சிஸ்டர் வரும்?" என்று நேராகக் கேட்டாள்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றார் ராஜம்மா சிஸ்டர். "வந்தா எப்டி வருதுன்னு பாக்கணும்னுதான் நானும் குந்திகினு கீறேன். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க."

மகேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். சேகர், "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கலாம்கா" என்றான்.

அந்த நாட்களில் வசந்தியின் காம்பில் வெடிப்பு விழுந்தது. டியூப் ஒட்டிய பிளாஸ்டரை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தோல் உரிந்தது. குழந்தை வாய் வைக்கும்போது அவள் கால் விரல்கள் மடங்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பாபு ராத்திரி ரயிலில் வந்து நேராக வார்டுக்கு வருவான். "ஒனக்கு இது வோணுமா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டான். "வோணும்" என்றாள். அவன் டியூபை வாங்கிக் கழுவி வந்தான். அதன் பிறகு அவன் வந்தால் அந்த வேலை அவனுடையது.

பால் வந்தது ஒரு காலை வேளையில். குழந்தை குடித்து முடித்ததும், ராஜம்மா சிஸ்டர் வழக்கம்போல, "கையால கொஞ்சம் அழுத்திப் பாரும்மா" என்றார். தினமும் சொல்வார், தினமும் ஒன்றும் இருக்காது. அன்று காம்பின் நுனியில் ஒரு துளி நின்றது. தண்ணீரா என்று சந்தேகப்படும்படி மங்கலாக இருந்தது. வசந்தி சிரிக்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கரிக்குது சிஸ்டர்" என்றாள். குரலில் பயம். கெட்ட பால் என்று நினைத்துவிட்டாள்.

நான் டாக்டர் மேடத்திடம் ஓடினேன். அவர் அலமாரியிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். "கரெக்டு எஸ்தர். கொஞ்சமா ஊறும்போது உப்பு ஜாஸ்தி இருக்கும். நெறைய ஊற ஊற இனிப்பாகும்" என்றார். பிறகு தானே வார்டுக்கு வந்து அந்தத் துளியைப் பார்த்தார். மேடமும் சிஸ்டரும் நானும் ஒரு துளியைச் சுற்றி நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அடுத்த கட்டில்களிலிருந்து பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரி குழந்தைக்குப் புது ஸ்வெட்டரோடு வந்தாள், எடுத்துப்போகத் தயாராக. சேகரும் வந்தான், வாசலில் நின்றான். துளி துளியாக வருவதைச் சொன்னோம். "துளி வெச்சிகினு புள்ள வளருமா?" என்றாள் மகேஸ்வரி. நியாயமான கேள்வி.

ராஜம்மா சிஸ்டர் அவளுக்கு ஸ்டூலைப் போட்டார். சேகரைப் பார்த்து, "நீயும் உள்ள வாப்பா" என்றார். அவன் வந்தான். வசந்தி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குழந்தைக்குக் கொடுத்தாள். டியூபில் பால் ஏறியது, குழந்தை வேகமாக உறிஞ்சியது, பிறகு நிதானமாயிற்று. விழுங்கும் சத்தம் கேட்டது. அப்போது சிஸ்டர் கையை நீட்டி, டியூபை இரண்டாக மடக்கிப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்திலிருந்து இனிமேல் ஒரு சொட்டும் போகாது.

குழந்தை ஒரு நிமிஷம் திகைத்ததுபோல் நின்றது. இழுத்தது. மறுபடி இழுத்தது. அது வாயை எடுத்துவிட்டு அழுதால் அன்றைக்கே குடியாத்தம் போய்விடும்.

சேகர்தான் முதலில் சொன்னான். "முழுங்குது" என்றான். அதுவரை நான் அவன் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. "டியூப் மடங்கிகினு கீது. ஆனா முழுங்குதே."

மகேஸ்வரி குனிந்து காது கொடுத்தாள். எழுந்திருக்க அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று. பிறகு கொண்டுவந்த ஸ்வெட்டரை அங்கேயே குழந்தைக்குப் போட்டுவிட்டு, வசந்தியின் கையைப் பிடித்தாள். "இங்கியே கெடக்கட்டும் விடு" என்று தம்பியிடம் சொன்னாள். சேகர் முதல் முறையாகக் குழந்தையை வாங்கிக்கொண்டான். பிடிக்கத் தெரியவில்லை. நான் கழுத்துக்குக் கீழே அவன் கையை வைத்துக் காட்டினேன்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வசந்திக்குப் பால் முழுதாக ஊறவே இல்லை. டியூபை விட்ட பிறகும், சோறு ஊட்டும்வரை பாலாடையில் ஒரு வேளையோ இரண்டு வேளையோ பவுடர் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதை நினைத்து ஒருநாள் அழுதாள். "பாதி பால் வந்தா பாதி ஜெயிச்சாச்சு அல்லவா, அதுக்கு எதுக்கு அழறீங்க?" என்று மேடம் கேட்டார். டியூபைக் கழற்றிப் போட்ட நாளில் வார்டில் எல்லோருக்கும் கேசரி கொண்டுவந்தாள். பிறகு குழந்தை குப்புற விழுந்ததற்கு ஒரு தடவை, பல் முளைத்துக் கடித்ததற்கு ஒரு தடவை. கடித்ததற்கு யாராவது இனிப்பு கொடுப்பார்களா என்று சிரித்தோம். ஆறாம் மாதம் கோயிலில் சோறு ஊட்டினார்கள், என்னையும் கூப்பிட்டிருந்தாள். கவிதாவின் போட்டோவைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். "மொத பால் அவ குடுத்தா. மீதிதான் நானு" என்று பூசாரியிடம்கூட விளக்கினாள். மூன்று வயதுவரை கொடுத்தாள். பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் எதுவும் தடவவில்லை. ஒருநாள் குழந்தை கேட்க மறந்தது, அடுத்த நாளும் மறந்தது, அதோடு முடிந்தது. அதைச் சொல்லவும் வார்டுக்கு வந்தாள், அன்று மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.

ராஜம்மா சிஸ்டர் இப்போது ஓசூரில் மகனோடு இருக்கிறார். சேகர் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் இருக்கிறான், மாதத்தில் ஒரு தடவை வந்து மகளைப் பார்க்கிறான். மகள் பெயர் கீர்த்தனா. அவள் வசந்தியை அம்மா என்றும், போட்டோவில் இருப்பவளைக் கவிதாம்மா என்றும் சொல்லி வளர்ந்தவள். அந்த வீட்டில் எதையும் மறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கீர்த்தனா வாசலில் நின்றாள். இப்போது பி.காம். படிக்கிறாள், தினம் ரயிலில் பெங்களூர் போய் வருகிறாள். வசந்தி டியூப் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பாதி மறந்துவிட்டதாம், மீதியை என்னிடம் கேட்கச் சொன்னாளாம்.

காபி போட்டுக் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே போனாள். டியூப் எவ்வளவு மெல்லிசு என்றாள். சேமியா அளவு என்றேன். கிண்ணத்தை யார் பிடித்தார்கள், பால் எப்படி ஏறும், மேலே இருந்தால் ஏன் வேகமாக வரும், உப்புக் கரித்த பாலை நான் எப்படிக் குடித்தேன் என்றாள். பிள்ளை பெறாமலே உடம்புக்கு எப்படித் தெரிந்தது பால் வேண்டும் என்று. தெரிந்தவரை சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

காபி ஆறிவிட்டது. அவள் தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு வலிச்சுதா?"

"எந்த அம்மாவுக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பேருக்கும்."

"வசந்திக்கு வலிச்சுது. ரொம்ப. ஒனக்கு வாய் வெக்கும்போது கால் வெரலை மடக்கிகினு ஒக்காந்திருப்பா. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

"கவிதாம்மாவுக்கு?"

கவிதாவின் பிரசவ அறையில் நானும் இருந்தேன். அதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வசந்திகூடக் கேட்டதில்லை.

"வலிக்கல" என்றேன். "நீ வாய் வெச்சதும் சிரிச்சா. 'கூச்சமா கீது சிஸ்டர்'னு சொன்னா. சிரிச்சிகினே ஒன் தலையப் புடிச்சிகினா."

கீர்த்தனா தம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள்.

சொன்னேன்.